கப்பலைக் காட்டாத பக்கம்

மலர்கொடி சீர்காழியில் மீன் விற்கிறவள். வீடு பூம்புகாருக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலைப் பார்த்தாற்போல இருக்கிற ஒரு குப்பத்தில். விடிந்ததும் கரை சேரும் படகுகளில் ஏலம் எடுப்பாள். வஞ்சிரமும் சங்கராவும் கிடைத்தால் சந்தோஷம்; இல்லையென்றால் மத்தி, நெத்திலி, எது வருகிறதோ அது. பெட்டியில் ஐஸ் போட்டு மூடி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். முகம் கழுவி வேறு புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்புவதற்குள் திரும்பிவிடுவாள். அந்த இடைவெளியில்தான் போனை எடுத்துக் கப்பலைப் பார்ப்பது.

கப்பலின் பெயர் லெவன்டா. பெரிய கப்பல் இல்லை. அரிசி, சிமெண்டு, மரம் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகிற பழைய சரக்குக் கப்பல். அவள் புருஷன் செல்லத்துரை அதில் ஆயிலர். இஞ்சின் அறையில் வேலை. ஊரில் இருந்தவரைக்கும் விசைப்படகு இஞ்சின்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். கையில் எப்போதும் கிரீஸ் வாசனை. கப்பலுக்குப் போன பிறகு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் போன் வரும். நடுக்கடலில் இருக்கும் நாட்களில் பேச்சுமூச்சு இருக்காது. "இதுல பாத்துக்க. நான் எங்க இருக்கேன்னு இதுவே சொல்லும்" என்று கிளம்புவதற்கு முன்னால் அவன்தான் அந்த வெப்சைட்டைக் காட்டிக்கொடுத்தான். உலகத்தில் ஓடுகிற கப்பல்களையெல்லாம் நீலக் கடல் மேல் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் காட்டுகிற பக்கம் அது. பெயரை அடித்தால் முக்கோணம் வரும். தொட்டால் வேகம், திசை, எங்கே போகிறது, எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வரும்.

முதலில் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் விட்டுவிடுகிற ரகமில்லை மலர்கொடி. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தவறிப்போய், கல்யாணத்துக்குப் பிறகு, மகள் பூமிகாவை வயிற்றில் சுமந்துகொண்டு மறுபடி எழுதிப் பாஸ் செய்தவள். அவள் அப்பா வலை விட்ட இடத்தை ஜி.பி.எஸ். எண்ணாகத்தான் சொல்வார், அதனால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் அவளுக்குப் புதிதில்லை. கொஞ்ச காலத்தில் அந்தப் பக்கத்தை அக்கம்பக்கத்துத் தெருப் பெயர் மாதிரிப் படிக்கப் பழகிவிட்டாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிற செந்தாமரை அக்காவின் மகன் நிதிஷும் அதே கப்பலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் பார்த்துச் சொல்வாள்.

ஆனி மாதம் அது. மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று மணலை வாரி வாசலில் இறைத்துக்கொண்டிருந்தது. மலர்கொடி வழக்கம்போலப் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து போனை எடுத்தாள். குஜராத்தில் அரிசி ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காக் கரைக்குப் போய்க்கொண்டிருந்த லெவன்டா ஓமன் நாட்டுக் கரையோரம் இருந்தது. எட்டு, ஒன்பது என்று இருக்க வேண்டிய வேகம் ஒன்று என்று காட்டியது. முக்கோணத்தின் மூக்கு போகவேண்டிய மேற்கை விட்டுத் தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நிலைமை என்ற இடத்தில் அவள் இதுவரை பார்த்திராத வார்த்தைகள்: நாட் அண்டர் கமாண்ட்.

எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தாள். கமாண்ட் என்றால் கட்டளை. யார் கட்டளையிலும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? கப்பலுக்கு ஆள் பிடித்துக்கொடுத்த சென்னை ஏஜெண்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

வீட்டு வாசலில் மீன் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த செந்தாமரை மலர்கொடியின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"என்னடி மலரு?"

"கப்பல் மெதுவா போவுதுக்கா. ஏதோ புதுசா போட்டிருக்கு. எனக்கும் புரியல."

அவள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பக்கத்தின் லிங்கைப் போட்டு, இதற்கு அர்த்தம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தெருவே லெவன்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தர் விடாமல் திறப்பதும், மூடுவதும், திரும்பத் திறப்பதுமாக இருந்தார்கள். மலர்கொடியும் சும்மா இருக்கவில்லை. வேகம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க நிமிஷத்துக்கு நிமிஷம் பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தரம் இழுத்தபோது கடலும் இல்லை, முக்கோணமும் இல்லை. வெள்ளைப் பக்கம். அதில் கறுப்பு எழுத்தில் அக்சஸ் டினைடு. இந்தத் தளத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஏதோ எண்கள்.

மறுபடி திறந்தாள். அதே. போனை அணைத்துப் போட்டாள். அதே.

செந்தாமரையின் தம்பி பரிதி தன் போனை நீட்டியபடி வந்தான். அவனுக்கும் வெள்ளைப் பக்கம்தான். "கம்பெனிக்காரன் மூடச் சொல்லிட்டான் போல இருக்கு. ஏதாவது ஆயிடுச்சுன்னா இப்படித்தான் மறைப்பாங்க. சொந்தக்காரங்க பாக்கக் கூடாதுன்னு."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னான். ஆனால் செந்தாமரை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவரப் போனார்கள்.

அவர்களோடு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது என்று மலர்கொடிக்குத் தோன்றியது. ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவள் தெருமுனைக்குப் போய்த் தன் பெட்டிகளையும் சேர்த்து விற்றுவரும்படி அமிர்தத்திடம் சொன்னாள். அமிர்தமும் அதே சந்தையில் கடை போடுகிறவள்தான். ஏன், எதற்கு என்று கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். மலர்கொடி திரும்பி வந்து செந்தாமரைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டாள்.

"அழாதீங்கக்கா. கொஞ்சம் இருங்க. பரிதி சொல்றது சரியான்னு முதல்ல பாத்துடறேன்."

செல்லத்துரை முன்னால் வேலை பார்த்த கப்பல் ஒன்று இருந்தது. அதன் பெயரை அடித்தாள். அதற்கும் அதே அக்சஸ் டினைடு. பெயரே அடிக்காமல் வெப்சைட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். அதுவும் அப்படியே.

"பாருங்க. லெவன்டாவ மட்டும் மறைச்சிருந்தா மத்தக் கப்பல் தெரியணுமில்ல? ஒண்ணுமே தெரியல. கப்பல மறைக்கல. நம்மளத்தான் உள்ள விடல."

"நம்மள ஏன் விடமாட்டான்?" என்றாள் செந்தாமரை மூக்கைச் சிந்திக்கொண்டே.

"அதத்தான் கண்டுபிடிக்கணும்."

மற்ற வெப்சைட்டுகள் ஒழுங்காகத் திறந்தன. அதனால் நாட் அண்டர் கமாண்டுக்கு அர்த்தம் தேடினாள். இஞ்சினோ சுக்கானோ பழுதாகி, தன் இஷ்டத்துக்குத் திரும்பவோ விலகவோ முடியாத கப்பல், மற்ற கப்பல்களை எச்சரிக்க இப்படிப் போட்டுக்கொள்ளும் என்று இருந்தது. கேப்டன் இல்லை என்றோ ஆட்கள் இல்லை என்றோ அர்த்தமில்லை. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு மட்டும் அதில் பாதி நிம்மதிதான். இஞ்சின் நின்ற கப்பலை அந்தக் கடலின் காற்று எங்கே தள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மாதத்தில் அங்கே காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஓமன் கரை வடக்கே இருக்கிறது. காலையில் பார்த்தபோதே மூக்கு அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. இதை அவள் செந்தாமரையிடம் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிற பூமிகாவைக் கூப்பிடலாம் என்றால், வார்டு டியூட்டி நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம்தான் கிடைப்பாள். மலர்கொடிக்கு ஜெயபாரதியின் நினைவு வந்தது. சீர்காழிக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்கிறவள். வாரம் தவறாமல் மீன் வாங்கி வாங்கிச் சிநேகிதி ஆனவள். கூப்பிட்டதும் எடுத்தாள். பின்னால் நடவு ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் ஒண்ணு அனுப்பறேன். அதத் தொட்டு என்ன வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெயபாரதி சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டிருக்க வேண்டும். "நீலக் கலர்ல மேப்பு வருது மலரு. ஏதோ கப்பல் படம். நாட் அண்டர் கமாண்டுன்னு போட்டிருக்கு. வேகம் மூணுங்குது."

மூன்று. காலையில் ஒன்று. மலர்கொடி மூச்சை இழுத்துவிட்டாள். "பக்கத்துல கரை தெரியுதா? கப்பல் மூக்கு எந்தப் பக்கம்க்கா இருக்கு?"

"எனக்கு இது விளங்கலையேம்மா. கடல்னு தெரியுது. நான் வேணா போட்டோ எடுத்து அனுப்பறேன்."

படம் வந்தது. கப்பலைப் பற்றிய கட்டம் பாதித் திரையை மறைத்திருந்தது. மீதிப் பாதியில் விளம்பரம். மேப் இருந்த இடம் விரல் அகலம்கூட இல்லை. மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. வயலுக்குள் இறங்கியிருப்பாள்.

வேகம் மூன்று என்பது இரண்டு விதமாகவும் இருக்கலாம். காற்று வலுத்துக் கப்பல் இன்னும் வேகமாகக் கரையை நோக்கிப் போகலாம். இல்லை, வேறு யாராவது இழுத்துப் போகலாம். எது என்று தெரிய வேண்டுமானால் அவள் கண்ணால் மேப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது: அந்த வெப்சைட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஜெயபாரதிக்குத் திறக்கிறது. இந்தத் தெருவுக்குத்தான் திறக்கவில்லை.

அவள் பரிதியின் போனையும் தன் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பக்கத்தின் அடியில் இருந்த எண்களில் ஒரு வரிசை இரண்டிலும் ஒன்றாக இருந்தது. இன்னொருத்தி போனை வாங்கிப் பார்த்தாள். அதிலும் அதே. எல்லாம் வேறு வேறு போன். எண் மட்டும் ஏன் ஒன்று?

தெருவுக்கு வைஃபை கொடுப்பது கேபிள் ரெத்தினம். குப்பத்தில் செல்போன் டவரில் நெட் சரியாக எடுக்காது என்பதால் எல்லோரும் அவன் இணைப்பைத்தான் நம்பியிருந்தார்கள். அவனைக் கூப்பிட்டு எண்ணைப் படித்தாள்.

"அது நம்ம லைனோட விலாசம்க்கா. உள்ள எத்தனை வீடு இருந்தாலும் வெளிய போறப்ப ஒரே விலாசம்தான்" என்றான். "எல்லாரும் சேந்து அந்த சைட்டத் தொறந்தீங்களா?"

"தொறந்தோம் தம்பி. விடாமத் தொறந்தோம்."

"அதான். ஒரே இடத்துலேர்ந்து நிமிஷத்துக்கு நூறு தடவை வந்தா, ஏதோ மெஷின் தொந்தரவு பண்ணுதுன்னு கதவைச் சாத்திடுவாங்க. தானா தொறக்கும். எப்பன்னு சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் உக்காந்திருக்க முடியாதுப்பா."

ரெத்தினம் யோசித்தான். மோடத்தை அணைத்துப் போட்டான், விலாசம் மாறவில்லை. "விபிஎன்னு ஒரு ஆப் இருக்குக்கா. சும்மாவே கிடைக்கும். அதப் போட்டா நீங்க வேற ஊர்லேர்ந்து வர்ற மாதிரி காட்டும். போட்டுப் பாருங்க."

மலர்கொடி முதலில் குழுவில் பேசி அனுப்பினாள்: "யாரும் கொஞ்ச நேரம் அந்த லிங்கைத் தொடாதீங்க. தொடத் தொட பூட்டு இறுகும். பார்த்து நானே சொல்றேன்." பிறகு ஆப்பை இறக்கினாள். திறந்ததும் ஏதோ ஒரு நாட்டின் கொடி வந்தது. கப்பல் பக்கத்துக்குப் போனாள். இந்தத் தரம், நீங்கள் மனிதர்தானா என்று கேட்டது. சிக்னல் விளக்கு உள்ள படங்களையெல்லாம் தொடச் சொன்னது. தொட்டாள். சைக்கிள் உள்ள படங்களைத் தொடச் சொன்னது. தொட்டாள். கடைசியில் மறுபடி அக்சஸ் டினைடு.

பரிதி, பிரவுசரில் பழைய ஹிஸ்டரியை அழித்தால் சரியாகும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னான். அழித்தாள். வேறு பிரவுசரில் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. செந்தாமரை திரும்பவும் அழத் தொடங்கியிருந்தாள், இம்முறை சத்தமில்லாமல்.

ஜெயபாரதி வைஃபை இல்லாமல், வயலில் நின்றுகொண்டு சிம்மில்தான் திறந்தாள். அது மலர்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே சிம்மில் முயன்றால் சக்கரம் சுற்றுமே தவிர எதுவும் வராது. டவர் எடுக்கிற இடம் மெயின் ரோட்டு மதகு. போனை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். வெயில் ஏறிவிட்டது. எதிர்க்காற்று மணலைக் கண்ணில் அடித்தது. தோப்பைக் கடந்து வயல் தொடங்கியதும் காற்றில் சேற்று வாசனை கலந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. குறுவை நடவுக்கு நாற்று முடிகளை வரப்பில் இறக்கிக்கொண்டிருந்தவர்கள், மீன்கூடை இல்லாமல் வேகமாகப் போகிற அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து வைஃபையை அணைத்தாள். சிக்னல் கோடுகள் முழுசாக வந்தன. பக்கத்தைத் திறந்தாள்.

அக்சஸ் டினைடு.

அப்போதுதான் அவளுக்கு முதல் முறையாக அழுகை வந்தது. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். லெவன்டாவின் இஞ்சின் அறைக்கு அவள் போனதில்லை. ஆனாலும் அது கண்முன்னால் வந்தது. சாய்ந்து சாய்ந்து நிமிர்கிற தரை, டார்ச் வெளிச்சம், வியர்வையோடு குனிந்திருக்கிற செல்லத்துரை. இந்நேரம் அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். கரையில் படகு இஞ்சின் கிளம்பாதபோது எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். பதறுகிற டிரைவர்கள் டீசல் குழாயையும் கழற்றுவார்கள், பில்டரையும் கழற்றுவார்கள், பேட்டரியையும் ஆட்டிவிடுவார்கள். செல்லத்துரை சத்தம் போடுவான்: "எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொட்டா எதுல கோளாறுன்னு எவனுக்குத் தெரியும்? ஒண்ணத் தொடு. பாரு. இல்லன்னா அத இருந்த மாதிரியே வை. அப்புறம் அடுத்தது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். காலையிலிருந்து தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தெருவின் விலாசம் பூட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து வெளியே வந்தாகிவிட்டது. ஹிஸ்டரி அழித்ததால் கெடுதல் இல்லை. வேறு என்ன? ரெத்தினம் சொல்லிப் போட்ட ஆப். அதைப் போட்டாளே தவிர எடுக்கவில்லை. திரையின் உச்சியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சாவிப் படம் இருந்தது. நேற்று வரைக்கும் அது அங்கே இருந்ததில்லை. வெள்ளைப் பக்கத்தின் அடி எண்ணைப் பார்த்தாள். அது தெருவின் எண் இல்லை. ஆப் போட்டபோது வீட்டில் கடைசியாக வந்த அதே எண். ஆக, மதகில் உட்கார்ந்திருந்தாலும் அவள் போன் இன்னும் அந்த வேற்று நாட்டுக் கொடிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. இலவச ஆப் என்றால் உலகத்தில் எத்தனை பேர் அதே வாசல் வழியாக நுழைவார்களோ. அந்த வாசலையும் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆப்பைத் திறந்து நிறுத்தினாள். சாவிப் படம் மறைந்தது. பக்கத்தைக் கீழே இழுத்தாள்.

சக்கரம் சுற்றியது. வெள்ளை. பிறகு மேலிருந்து கீழாக நீலம் இறங்கியது.

லெவன்டா என்று அடித்தாள். முக்கோணம் வந்தது. கட்டத்தைக் கீழே தள்ளிவிட்டு மேப்பைப் பெரிதாக்கினாள். கப்பல் வந்த பாதை கோடாகத் தெரிந்தது. கிழக்கிலிருந்து நேராக வந்த கோடு ஓர் இடத்தில் தள்ளாடி, வளைந்து வளைந்து வடக்கே கரையை நோக்கிச் சரிந்திருந்தது. கரைக்கு வெகு அருகில். ஆனால் கோடு அங்கே முடியவில்லை. சட்டென்று மடங்கி, கரையை விட்டு விலகி, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல மேற்கே போயிருந்தது. இஞ்சின் இல்லாத கப்பல் காற்றை எதிர்த்து நேர்கோட்டில் போகாது. லெவன்டாவுக்குச் சற்று முன்னால் இன்னொரு சின்ன முக்கோணம். தொட்டாள். இழுவைக் கப்பல் என்று வந்தது. அதற்கும் வேகம் மூன்று. அதற்கும் மேற்குத் திசை. போகிற இடம் ஸலாலா, ஓமன் நாட்டுத் துறைமுகம் என்று இருந்தது.

இஞ்சின் நின்ற படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துவருவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் அவள். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். பிறகு செந்தாமரையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கப்பல் இருக்கு. இழுத்துட்டுப் போறாங்க. ஸலாலா துறைமுகத்துப் பக்கம்."

"உன் கண்ணால பாத்தியா?" என்று செந்தாமரை மெதுவாகக் கேட்டாள்.

"பாத்துட்டேன்க்கா. இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சாயங்காலம் ஏஜெண்டு தானாகவே போன் செய்தான். இஞ்சினுக்குள் கடல் தண்ணீர் புகுந்துவிட்டதென்றும், எல்லோரும் பத்திரம் என்றும் சொன்னான். எங்களுக்கு முன்னாலேயே தெரியும் என்றாள் மலர்கொடி. டியூட்டி முடிந்து போனைக் கையில் வாங்கிய பூமிகா, தன்னிடம் சொல்லாமல் விட்டதற்காக அழுது சண்டை போட்டாள். செல்லத்துரை ஸலாலாவிலிருந்து பேசியபோது குரல் கம்மியிருந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைக்கும் போய்விட்டோம் என்றான். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டான்.

தெருவின் இணைப்புக்கு மட்டும் அந்தப் பக்கம் அடுத்த நாளும் திறக்கவில்லை. தானாகத் திறக்கும் என்று காத்திருக்க மலர்கொடிக்கு மனமில்லை. இந்தக் குப்பத்திலும் பக்கத்துக் குப்பங்களிலும் கப்பலுக்குப் போன ஆண்கள் நிறைய. அந்த வெப்சைட்டுக்கு, வெள்ளைப் பக்கத்தின் அடியில் இருந்த எண்களையெல்லாம் அப்படியே போட்டு, இங்கே நாங்கள் மெஷின் இல்லை, கப்பலில் இருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் என்று பூமிகாவின் உதவியோடு மெயில் அனுப்பினாள். பதில் வந்தது. பூட்டை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை, கப்பலின் நிலை மாறினால் தாங்களே மெயிலில் தெரிவிக்கிற வசதி இருக்கிறது என்று அதற்கு வழியும் சொல்லியிருந்தார்கள். அவள் முதலில் தன் போனில் அமைத்துப் பார்த்து, பிறகு வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் போட்டுக்கொடுத்தாள்.

லெவன்டாவைப் பழுது பார்க்கிற வேலை இழுத்துக்கொண்டே போனது. ஆட்களை ஊருக்கு அனுப்பினார்கள். நிதிஷ் இனிக் கப்பல் வேண்டாம் என்று சித்தப்பா படகில் ஏறிவிட்டான். செந்தாமரைக்கு அதில் பரம திருப்தி. செல்லத்துரை மழைக்காலம் முழுக்க வீட்டில் இருந்தான். தை பிறந்ததும் கால் தரையில் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் ஏஜெண்டு ஆள் எடுக்க வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினான். மலர்கொடியும் கூடவே கிளம்பினாள்.

"நீ எதுக்கு?" என்றான்.

"எனக்கு அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

ஏஜெண்டு வேறொரு கப்பலின் பெயரைச் சொல்லி, எந்தத் துறைமுகத்தில் ஏற வேண்டும் என்றெல்லாம் விளக்கி, கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினான். மலர்கொடி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கப்பல்ல சாட்டிலைட் போன் இருக்குமில்ல? அந்த நம்பர் வேணும் சார்."

"அதெல்லாம் வீட்டு ஆளுங்களுக்குக் குடுக்கறது இல்லைம்மா. ஏதாவதுன்னா எங்களைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டேன். நீங்க எடுக்கல."

அவன் செல்லத்துரையைப் பார்த்தான். செல்லத்துரை ஜன்னலைப் பார்த்தான். மலர்கொடி கையை எடுக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "நாங்க சும்மாச் சும்மாக் கூப்பிட மாட்டோம். அவசரத்துக்கு மட்டும்தான். நம்பர் குடுங்க, அவரு கையெழுத்துப் போடட்டும்."

ஏஜெண்டு எழுந்து வெளியே போய் யாரிடமோ வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தான். மலர்கொடி அங்கேயே அதைப் போனில் அடித்துக் காதில் வைத்தாள். நீண்ட மணிக்குப் பிறகு யாரோ ஒருவர், காற்று இரைச்சலுக்கு நடுவில், இங்கிலீஷில் கப்பலின் பெயரைச் சொல்லி யார் என்று கேட்டார். அவள் தன் பெயரையும் புருஷன் பெயரையும் சொன்னாள். அவர் அடுத்த வாரம் உங்கள் கப்பலில் ஏறப்போகிறார், எண் சரிதானா என்று பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நிதானமாகச் சொல்லி, நன்றி சொல்லி வைத்தாள்.

பிறகு காகிதத்திலிருந்து கையை எடுத்துச் செல்லத்துரையின் பக்கம் நகர்த்தினாள்.

"இப்பப் போடுங்க" என்றாள்.